வாய்வழி ரைஃபிள் வெடிக்காவிட்டால், வெடித்தும் குறி தப்பினால்

துப்பாக்கியின் குதிரை விழுகிறது. கேப்பு என்ற சின்ன வெடித்தொப்பி 'டப்' என்று வெடிக்கிறது. அவ்வளவுதான். தோளில் உதைப்பு இல்லை, புகை இல்லை. சுடுமிடத்தில் பக்கத்து மேசைக்காரர் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ரைஃபிளோடு பழகிய எவருக்கும் இந்த அவமானம் புதிதல்ல. எனக்கு முதல் நாளிலேயே நான்கு முறை நடந்தது. துப்பாக்கியே பழுது என்று அன்று முடிவு கட்டிவிட்டேன். குற்றவாளி, முந்தைய இரவு நானே அன்போடு குழலுக்குள் ஊற்றிய எண்ணெய்.

இங்கே பேசப்போவது அமெரிக்க வகை ரைஃபிள்களைப் பற்றி. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் ஜெர்மன் குடியேறிகளின் பட்டறைகளில் உருவான நீண்ட ரைஃபிள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த, குழல் கனத்த குட்டை ரைஃபிள் இன்னொன்று. இவற்றின் நகல்கள் இன்றும் தயாராகின்றன. இந்தியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில், 1933இல் தொடங்கிய தேசிய மஸில்லோடர் (வாய்வழித் துப்பாக்கி) சங்கத்தின் போட்டிகள் இவற்றைக் கொண்டே நடக்கின்றன. பென்சில்வேனியாவில் கேப்பு இல்லாமல் கல்லின் பொறியால் வெடிக்கும் சக்கிமுக்கிப் பூட்டு ரைஃபிள்காரர்களுக்கென்று கிறிஸ்துமஸுக்குப் பிந்திய மான் வேட்டைப் பருவம் ஒன்று 1974 முதல் இருக்கிறது. ஆக, மழையிலும் பனியிலும் இதை வெடிக்க வைத்தாக வேண்டிய ஆட்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சொற்களுக்கு நான் அலையவில்லை. நாட்டுத் துப்பாக்கி புழங்கிய ஊர்களில் வெடிமருந்தை 'மருந்து' என்றும், சுத்தியல் போல் விழும் பாகத்தைக் 'குதிரை' என்றும் சொல்வார்கள். குழலின் பக்கவாட்டில் தீ நுழையும் துளைக்குப் 'பற்றுவாய்' என்ற பழைய பெயர் இருக்கிறது. கெட்டிப்பதற்கான கம்பை இங்கே கெட்டிக்கோல் என்கிறேன். மற்றவை ஆங்கிலப் பெயரிலேயே இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பழம்பொருள் வகையில் சேர்க்கிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவில் வாய்வழித் துப்பாக்கிக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

வெடிக்காத அந்த நொடியில்

பழுது பார்க்கும் ஆர்வம் அப்புறம். குதிரை விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குழல்வாய் இலக்கை நோக்கியபடியே இருக்க வேண்டும். குறைந்தது ஒரு நிமிடம். நான் இரண்டு நிமிடம் எண்ணுவேன். உள்ளே எங்கோ ஒரு பொறி கனன்றுகொண்டிருந்து, தாமதமாக மருந்தைப் பற்ற வைக்கலாம். இந்த நேரத்தில் துப்பாக்கியைத் திருப்பி "என்ன ஆச்சு?" என்று குழலுக்குள் எட்டிப் பார்த்தவர்களின் கதைகள் நல்லபடி முடிவதில்லை. காத்திருந்த பிறகும், கெட்டித்த துப்பாக்கியின் வாய்க்கு நேரே முகமோ கையோ போகவே கூடாது.

கூடவே மூன்று விதிகள். புகையில்லா நவீன மருந்து இந்தக் குழலுக்குள் ஒரு சிட்டிகைகூடப் போகக் கூடாது. குழல் வெடித்துச் சிதறும். மருந்துக் கொம்பிலிருந்து நேரடியாகக் குழலில் கொட்டக் கூடாது. உள்ளே ஒரு கங்கு இருந்தால் கொம்பு முழுவதும் கையில் வெடிக்கும். அளவுக் குவளையில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். மூன்றாவது, குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார வேண்டும். பாதி வழியில் நின்ற குண்டோடு சுட்டால் குழல் அந்த இடத்தில் வளையம் போலப் புடைக்கும், அல்லது கிழியும்.

இந்த மூன்றாவது விதிக்காகவே கெட்டிக்கோலில் இரண்டு கோடுகள் கீற வேண்டும். காலியான குழலில் கோலை அடிவரை விட்டு, வாயோடு ஒட்டி ஒரு கோடு. வழக்கமான மருந்தும் குண்டும் கெட்டித்த பிறகு இன்னொரு கோடு. துப்பாக்கி காலியா, நிறைந்திருக்கிறதா, குண்டு உட்கார்ந்ததா, மருந்தே போடாமல் குண்டை இறக்கிவிட்டோமா என்ற நான்கு கேள்விக்கும் இந்த இரண்டு கோடுகள் பதில் சொல்லும். இனிமேல் நான் சொல்லும் எந்தச் சோதனைக்கு முன்னும் இந்தக் கோட்டைப் பாருங்கள்.

தீ போகும் வழியே போங்கள்

வெடிக்காத துப்பாக்கியில் கண்டதையும் கழற்றுவது வீண். தீ எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போய் மருந்தைத் தொடுகிறது என்று அதே வரிசையில் பார்த்துக்கொண்டே போனால், வழி எங்கே அடைபட்டிருக்கிறதோ அங்கே பழுது.

கேப்பு வகையிலிருந்து தொடங்கலாம். அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தால் வெடிக்கும் இரசாயனத்தைத் துப்பாக்கிக்குள் கொண்டுவந்து 1807இல் காப்புரிமை பெற்றார். செப்புக் கேப்பு அதன் பின் வந்த வளர்ச்சி. சின்னத் தொப்பி போன்ற கேப்பை நிப்பிள் என்ற துளையுள்ள கூம்பின் மேல் மாட்டுகிறோம், குதிரை அடிக்கிறது, தீ நிப்பிளின் துளை வழியே இறங்குகிறது.

கேப்பே வெடிக்கவில்லையா? அதே கேப்பை இரண்டாம் முறை அடித்துப் பாருங்கள். இரண்டாம் அடியில் வெடித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கேப்பு நிப்பிளில் முழுதாக இறங்கவில்லை. முதல் அடியின் பலம் கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிட்டது. நிப்பிளின் கூம்பு கேப்பைவிடச் சற்றுப் பருமனாக இருக்கலாம். அல்லது அதன் நுனி பலமுறை அடிபட்டுக் காளான் போல விரிந்திருக்கலாம். 11ஆம் எண் கேப்பு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு உள்ளளவு கொஞ்சம் மாறும். வேறொரு தயாரிப்பைப் போட்டுப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் நிப்பிளையே மாற்றிவிடுங்கள். அது விலை மலிந்த பாகம். மரையை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்: இத்தாலிய, ஸ்பானிய நகல்களில் மெட்ரிக் மரை இருக்கலாம், அமெரிக்கத் தயாரிப்பில் அங்குல மரை இருக்கும். இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்துவது போல ஏமாற்றும். பலவந்தமாக முறுக்கினால் குழலின் மரை போச்சு.

இரண்டாம் அடியிலும் வெடிக்காவிட்டால் குதிரையைப் பாருங்கள். அதன் குழிக்குள் பழைய கேப்புத் துணுக்கு அடைந்து கிடக்கிறதா? குதிரை விழும்போது மரத்திலோ பூட்டுத் தகட்டிலோ உரசுகிறதா? ஈரப்பதத்தில் மரம் ஊதிப் பூட்டை நெருக்குவதும் உண்டு. வில் தளர்ந்திருப்பது கடைசிச் சந்தேகம்.

கேப்பு வெடித்தும் மருந்து பற்றவில்லை என்பதுதான் அதிகம் நடப்பது. இங்கே தீ பிறந்துவிட்டது, வழியில் செத்துவிட்டது. பல ஹாக்கன் பாணி ரைஃபிள்களின் அடியில், குழலைவிடக் குறுகலான ஓர் அறை இருக்கும். அதிலிருந்து ஒரு வளைந்த பாதை நிப்பிளுக்குப் போகும். எண்ணெய் போய்த் தங்கவும், கரிக்கசடு அடையவும் இதைவிட வசதியான இடம் கிடையாது. சாதாரணத் துடைப்புத் துணி அந்தக் குறுகிய அறைக்குள் இறங்கவும் இறங்காது. நாம் துடைத்துவிட்டதாக நினைப்போம். அடியில் குளம் கட்டி நிற்கும். குழலைவிடச் சின்ன அளவுத் தூரிகையில் துணி சுற்றி அந்த அறையைத் தனியாகத் துடைக்க வேண்டும்.

இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. நாளின் முதல் குண்டுக்கு முன், கெட்டிக்கோலால் காலி என்று உறுதி செய்த துப்பாக்கியில் கேப்பை மட்டும் மாட்டி, குழல்வாயைத் தரையில் கிடக்கும் ஒரு காய்ந்த இலைக்கு அருகே காட்டி அடியுங்கள். இலை துள்ளினால் வழி திறந்திருக்கிறது. துள்ளாவிட்டால் நிப்பிள் ஊசியால் துளையைக் குத்தி, சாராயம் நனைத்த துணியால் அடியைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, இன்னொரு கேப்பு. இலை துள்ளும்வரை மருந்து போட வேண்டாம். என் முதல் நாளில் இந்த இலைச் சோதனையை யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் நான்கு அவமானங்கள் மிச்சம்.

முதல் குண்டு நன்றாக வெடித்து, ஐந்தாவது ஆறாவதில் தகராறு வந்தால் எண்ணெயைத் திட்டாதீர்கள். அப்போது குற்றவாளி கரி. இந்தத் துப்பாக்கியில் போடும் கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். குண்டு இறக்குமுன் நனைந்த துணியால் அழுத்தித் துடைத்தால், அந்தக் கரிச்சேற்றை நாமே அடியில் தள்ளிப் பாதையை அடைக்கிறோம். துணி சொட்டும் ஈரமாக இல்லாமல் லேசான ஈரத்தில் இருக்க வேண்டும். துணி குழலில் சற்றுத் தளர்வாக இறங்கி, மேலே இழுக்கும்போது சுருங்கிக் கரியை அள்ளிவர வேண்டும். ஒரே இழுப்பு. பத்து முறை குத்தினால் பத்து முறை தள்ளுகிறோம்.

சக்கிமுக்கி: இங்கே பொறுமை வேண்டும்

சக்கிமுக்கிப் பூட்டைப் பழிக்கிறவர்களில் பாதிப் பேர் மழுங்கிய கல்லோடு சுடுகிறவர்கள். இதில் தீ மூன்று இடம் தாண்ட வேண்டும்: கல் ஃப்ரிஸ்ஸன் என்ற எஃகுத் தகட்டைச் சுரண்டிப் பொறி எழ வேண்டும், பொறி பூட்டின் சின்னக் கிண்ணியிலுள்ள பற்றுமருந்தில் விழ வேண்டும், அந்தத் தீ பற்றுவாய் வழியாகக் குழலுக்குள் பாய வேண்டும். எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பொறியே இல்லை, அல்லது சோம்பலாக நாலே பொறி. முதலில் கல்லையும் தகட்டையும் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய்கூடப் பொறியைக் கெடுக்கும். குதிரையைப் பாதி நிலைக்கு ஏற்றித் தகட்டை மூடினால், கல்லின் விளிம்பு தகட்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில், தகட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். ஒரு மூலை மட்டும் முன்னே நீட்டியிருந்தால் அந்த மூலை மட்டுமே சுரண்டும். கல்லைத் தோல் துண்டில் பொதிந்து குதிரையின் தாடையில் இறுக்குங்கள். வெறும் இரும்புத் தாடையில் கல் நிற்காது, உடையும். நான்கைந்து சுடுதலுக்குப் பிறகு தோல் அமுங்கித் திருகு தளரும், மறுபடி இறுக்க வேண்டும். கல் தகட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கில் அடித்துக் கீழே சுரண்டிக்கொண்டு வர வேண்டும். அதற்கும் கீழே அடித்தால் கல்லின் சாய்ந்த பக்கத்தை மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ திருப்பிப் போட்டுப் பாருங்கள். எது சரி என்று புத்தகம் சொல்லாது, உங்கள் பூட்டுதான் சொல்லும்.

கல் மழுங்கினால் தூக்கி எறியத் தேவையில்லை. காலித் துப்பாக்கியில், கண்ணாடி அணிந்துகொண்டு, சிறு பித்தளைக் கம்பியால் விளிம்பைக் கீழ்நோக்கித் தட்டிச் சில்லுகள் பெயர்த்தால் புதுக்கூர் பிறக்கும். இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கறுப்புக் கல்லுக்கு இருக்கும் பெயர் சும்மா வரவில்லை. அது சீராகச் சில்லுவிடும். இயந்திரத்தில் அறுத்த கல்லை நான் நம்புவதில்லை. கல் நன்றாக இருந்தும் பொறி மங்கிய சிவப்பில் வந்து, தகட்டில் ஆழமான கீறல்களும் விழுந்தால் தகடு மென்மையாகிவிட்டது. அதை மறுபடி கடினமாக்குவது துப்பாக்கிக் கொல்லரின் வேலை. சமையல் அடுப்பில் முயல வேண்டாம்.

பொறி சரியாக விழுகிறதா என்று தெரிய, காலியான, கிண்ணியிலும் மருந்தில்லாத துப்பாக்கியை இருட்டறையில் அடித்துப் பாருங்கள். சூடான பொறிகள் கிண்ணிக்குள் கொட்டி ஒரு கணம் நின்று துள்ள வேண்டும். பார்க்கவே அழகாக இருக்கும். வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

பொறி விழுந்தும் கிண்ணி பற்றவில்லை என்றால் பற்றுமருந்து ஈரம். 4எஃப் என்ற மிகப் பொடியான மருந்து (எஃப் எண் கூடினால் துகள் சிறுக்கும்) ஈரத்தை உறிஞ்சிச் சாம்பல்நிறக் கூழாகும். கிண்ணியில் முந்தைய கரி கொஞ்சம் இருந்தாலே போதும், காற்றின் ஈரத்தை அது இழுத்துக் கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் கிண்ணியையும் தகட்டின் அடியையும் துடையுங்கள். ஈரநாளில் வேட்டைக்குக் காத்திருப்பவர்கள் கால் மணிக்கு ஒருமுறை பற்றுமருந்தை மாற்றுகிறார்கள்.

கிண்ணி 'புஸ்' என்று எரிந்தும் குழல் மௌனம். இதுதான் சக்கிமுக்கியின் தனிப்பட்ட கேலி. பற்றுவாய் அடைந்திருக்கிறது: ஊசியால் குத்தித் திறந்துவிட்டு, புதிதாகப் பற்றுமருந்து போடுங்கள். துளை ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். அதைவிடக் குறுகலாக இருந்தால் கொல்லரிடம் கேளுங்கள், நீங்களே துளைக்காதீர்கள். பெரிதாக்குவது சுலபம், சிறிதாக்க முடியாது. சிலர் கெட்டிக்கும்போதே பற்றுவாயில் ஓர் இறகுத் தண்டைச் செருகிவைத்து, பற்றுமருந்து போடுமுன் உருவிவிடுவார்கள். துளைக்குப் பின்னால் மருந்தில் ஒரு சின்ன வெற்றிடம் கிடைக்கும்.

வெடிக்கிறது, ஆனால் 'புஸ்ஸ்... டும்' என்று தாமதிக்கிறது என்றால் பெரும்பாலும் கிண்ணியை நிரம்ப நிரப்பிப் பற்றுவாய்க்குள்ளும் மருந்தை அடைத்திருக்கிறீர்கள். அடைத்த மருந்து திரி மாதிரி ஒவ்வொரு துகளாக எரிந்து உள்ளே போகும். நமக்கு வேண்டியது திரியின் ஊர்வலம் அல்ல, தீயின் பாய்ச்சல். கிண்ணியில் மூன்றில் ஒரு பங்கு போதும், துளை திறந்திருக்கட்டும். கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்றுமருந்துகள் பற்ற அதிகச் சூடு கேட்கும். கேப்பு வகையில் அவை ஓடும். சக்கிமுக்கியில் உண்மையான கருமருந்துதான் நம்பகம்.

மருந்தில்லாமல் குண்டை இறக்கிவிட்டால்

பேச்சு சுவாரசியத்தில் எல்லோருக்கும் ஒருநாள் நடக்கும். வெட்கப்படத் தேவையில்லை, கோலை அடித்து நுழைத்துக் குழம்பவும் தேவையில்லை. நிப்பிளைக் கழற்றி அந்தத் துளை வழியாக, அல்லது பற்றுவாய் வழியாக, ஒரு சிட்டிகை பொடிமருந்தை ஊசியால் உள்ளே தள்ளுங்கள். நிப்பிளை மாட்டுங்கள். பிறகு மறக்கக் கூடாத படி: கெட்டிக்கோலால் குண்டை மறுபடி அடிவரை அழுத்தி உட்கார வையுங்கள். இலக்கை நோக்கிச் சுட்டால் 'புட்' என்று சோம்பலாக வெளியே வந்து விழும். வரவில்லை என்றால் கோலின் நுனியில் திருகும் குண்டு வாங்கி இருக்கிறது. ஈயத்துக்குள் திருகி இழுக்கலாம். மருந்து உள்ளே இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் இழுக்குமுன் நிப்பிளைக் கழற்றி அடியைத் தண்ணீரால் நனைத்து மருந்தைக் கொன்றுவிடுங்கள். குழல்வாய்க்கு நேரே உடம்பு வேண்டாம்.

குறி தப்புகிறது

சரி, இப்போது ஒவ்வொரு முறையும் வெடிக்கிறது. ஐம்பது கஜத்தில் ஐந்து குண்டு போட்டால் ஐந்தும் தட்டு அளவுக்குச் சிதறுகின்றன. இங்கே ஒரு கட்டுப்பாடு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மருந்தின் அளவையும் துணியையும் ஒரே நாளில் மாற்றினால், எது வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகம், ஐந்து குண்டுக்கு ஓர் இலக்கு அட்டை.

மணல் மூட்டையில் துப்பாக்கியின் முன்மரத்தை வையுங்கள், குழலை வைக்காதீர்கள். குழலை மரத்தோடு பிடிக்கும் ஆப்புகளும் அடித் திருகும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் எழுந்து முன்னே நடந்து போங்கள். சுடுமிடம் முழுவதும் அமைதியாகிவிட்டது என்று அறிவித்த பிறகுதான். ஐந்து முதல் பத்து மீட்டர் தூரத்தில் தரையில் கருகிய துணி வட்டங்கள் கிடக்கும். வாய்வழி ரைஃபிளில் உருண்டைக் குண்டு குழலைத் தொடுவதே இல்லை. நடுவே ஒரு பருத்தித் துணி இருக்கிறது. குழலின் உட்சுவரில் சுற்றிச் செல்லும் பள்ளங்களான காடிகளின் சுழற்சியைக் குண்டுக்குக் கடத்துவது அதுதான், தீயின் வாயுவைத் தடுத்து நிறுத்துவதும் அதுதான். அட்டையிலுள்ள துளை 'தப்பு' என்று மட்டும் சொல்லும். என்ன தப்பு என்று சொல்வது இந்தத் துணி. ஆனாலும் நூறு பேரில் சிலர்தான் குனிந்து பொறுக்குகிறார்கள்.

நல்ல துணி எப்படி இருக்கும்? நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம், சுற்றிலும் காடிகளின் கோடுகள், ஓரம் லேசாக நைந்திருக்கும், ஆனால் முழுசு. மறுபடி போடலாம் போலத் தோன்றும்.

நடுவில் கருகிய ஓட்டை இருந்தால் தீ துணியைத் தாண்டியிருக்கிறது. துணி மெலிது, அல்லது குண்டு சின்னது, அல்லது மசகு போதவில்லை, அல்லது மருந்து அதிகம். முதலில் தடித்த துணிக்குப் போங்கள். .50 அங்குலக் குழலுக்கு .490 குண்டும் .015 அங்குலத் துணியும் பரவலான தொடக்கம்; .54க்கு .530, .45க்கு .440. துணி நூறு சதவீதம் பருத்தி, நெருக்கமாக நெய்த திண்டு உறைத் துணி மாதிரி. செயற்கை நூல் கலந்தால் உருகிக் குழலில் ஒட்டும். கடையில் துணி வாங்கும்போது ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், நைலான் உருண்டையாகச் சுருளும். வாங்கியதும் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள்.

குண்டின் வட்டத்தைச் சுற்றிச் சீரான வெட்டுகள் இருந்தால் தீயின் வேலையல்ல, கத்தியின் வேலை. புதுக் குழலில் காடிகளுக்கு இடையிலுள்ள மேடுகளின் விளிம்பு கூராக இருக்கும். குழல்வாயின் விளிம்பும் அப்படியே. எது வெட்டுகிறது என்று அறிய, மருந்தில்லாத காலிக் குழலில், நிப்பிளைக் கழற்றிவிட்டு, துணியோடு குண்டை வாய்க்குள் ஓரங்குலம் மட்டும் இறக்கி, குண்டு வாங்கியால் வெளியே இழுங்கள். அப்போதே துணி வெட்டுப்பட்டிருந்தால் குற்றவாளி வாய் விளிம்பு. மிக மென்மையான உப்புத்தாளைக் கட்டைவிரலால் வாயில் அழுத்தி, கையை முன்னும் பின்னும் திருப்பி, அவ்வப்போது துப்பாக்கியைச் சுற்றி வைத்துத் தேய்த்தால் விளிம்பு வழவழப்பாகும். இழுத்த துணி முழுசாக இருந்து, சுட்ட துணி மட்டும் வெட்டுப்பட்டால் உள்மேடுகள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த் துண்டைத் தூரிகையில் சுற்றி ஐம்பது நூறு இழுப்பு இழுக்கலாம். அல்லது நூறு, இருநூறு குண்டு சுட்டால் தானே வழிக்கு வரும். எனக்குப் பின்னது பிடிக்கும்.

துணியே கிடைக்கவில்லை, நூல் நூலாகச் சிதறியிருக்கிறது என்றால், பழைய டப்பாவில் மசகு தடவியபடி வருடக்கணக்கில் கிடந்த துணியாக இருக்கலாம். அது மக்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் கிழிந்தால் குண்டு நடுவில் உட்காரவில்லை. வார்த்த குண்டில் ஊற்றுவாய்த் தழும்பு ஒன்று இருக்கும். அதை எப்போதும் மேல்பக்கம், நேர் நடுவில் வைத்து இறக்குங்கள்.

மசகு பற்றி ஆளுக்கொரு மதம். தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும், ஆலிவ் எண்ணெய், வெறும் எச்சில் எல்லாமே ஓடும். பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம்; கருமருந்தோடு சேர்ந்து தார் மாதிரி இறுகும். சொட்டச் சொட்ட நனைத்தால் ஈரம் மருந்துக்கு இறங்கும். குண்டுகள் மேலும் கீழுமாக நீளமாகச் சிதறினால் இதைச் சந்தேகியுங்கள்.

துணி நல்லபடி வந்த பிறகுதான் மருந்தின் அளவு. குழல் அளவுக்குச் சமமான கிரெயினில் (சிறு எடை அலகு) தொடங்குவது பழைய வழக்கம்: .50க்கு 50. பொடியான 3எஃப் சின்னக் குழல்களுக்கு, 2எஃப் .50க்கும் மேலானதற்கும் என்பது பொது வழக்கு. ஐந்து குண்டு போட்டு, 5 கிரெயின் ஏற்றி, மறுபடி ஐந்து. துப்பாக்கி தயாரிப்பாளர் தந்த உச்ச அளவை எக்காரணத்துக்கும் தாண்டாதீர்கள். அளவு ஏற ஏறக் குரூப், அதாவது அட்டையில் குண்டுத் துளைகளின் கூட்டம், சுருங்கி, ஓரிடத்தில் நன்றாக அடைந்து, பிறகு விரியும். சுருங்கிய இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதிக மருந்தால் காகித இலக்கு அதிகமாகச் சாவதில்லை.

இங்கே குழலின் முறுக்கையும், அதாவது காடிகள் எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்பதையும், பார்க்க வேண்டும். 60 முதல் 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான முறுக்கு உருண்டைக் குண்டுக்கானது. 28 அங்குலத்துக்கு ஒன்று என்ற வேக முறுக்கு நீளக் குண்டுக்கு. 48 இரண்டுக்கும் நடுவே சமரசம். உருண்டைக் குண்டோடு மிதமான மருந்தில் அது நன்றாகவே சுடும். வேக முறுக்குக் குழலில் உருண்டையைப் போட்டு 90 கிரெயின் ஊற்றிவிட்டு "துப்பாக்கி சரியில்லை" என்பவரோடு வாதாட முடியாது.

குண்டு சுத்த ஈயமாக இருக்கட்டும். .490 குண்டு 177 கிரெயின் அளவில் எடை இருக்கும். ஒரு தராசில் எல்லாவற்றையும் போட்டு, எடை குறைந்தவற்றை ஒதுக்குங்கள். உள்ளே காற்றுக்குமிழி இருக்கும். கெட்டிக்கும்போது கோடு வாயோடு சேர்ந்தால் போதும். கோல் துள்ளும்வரை குத்துவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்; அது ஈயத்தையும் நசுக்கும், மருந்தையும் பொடியாக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம், ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஒரே மாதிரித் துடைப்பு. வறண்ட நாளில் கரி கல்லாக இறுகும், ஈரநாளில் பிசுபிசுக்கும். இடையில் துடைக்காமல் சுட்டால் ஒவ்வொரு குண்டும் வேறொரு குழலில் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குரூப் இறுகியது, ஆனால் ஓரமாக விழுகிறது. இப்போதுதான் குழல் மேலுள்ள முன்குறி, பின்குறிகளைத் தொட வேண்டும். முன்குறி, தப்பின் திசையிலேயே நகரும்: குண்டு இடப்பக்கம் விழுந்தால் முன்குறியையும் இடப்பக்கம் தட்டுங்கள். எவ்வளவு? இரண்டு குறிகளுக்கும் இடைத் தூரத்தைத் தப்பின் அளவால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். குறிகளுக்கு இடையே 70 செ.மீ., தப்பு 8 செ.மீ., தூரம் 50 கஜம், அதாவது 4,570 செ.மீ. என்றால் விடை 0.12 செ.மீ., ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உயரத்துக்கும் இதே கணக்கு: குண்டு கீழே விழுந்தால் முன்குறியை அரத்தால் குறைக்க வேண்டும். கணக்கில் வந்ததில் பாதியை அராவி, சுட்டுப் பார்த்து, பிறகு மீதி. அராவியது திரும்ப வராது. தயாரிப்பாளர்கள் முன்குறியை உயரமாக விடுவதே நீங்கள் அராவத்தான்.

எல்லாம் சரி, துணியும் நன்றாக இருக்கிறது, இன்னும் சிதறுகிறது என்றால் சுடுகிறவர் பாக்கி. விசையை இழுத்ததற்கும் குண்டு வாயைத் தாண்டுவதற்கும் நடுவே, குறிப்பாகச் சக்கிமுக்கியில், உடம்பு அசைய நிறைய நேரம் இருக்கிறது. கிண்ணி கண்ணருகே எரியும்போது தலை தானாக விலகும். கண்ணாடி போடுங்கள். குண்டு அட்டையில் பட்ட சத்தம் கேட்கும்வரை குறியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். நண்பர் ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, பற்றுமருந்து போட்டாரா இல்லையா என்று நமக்குத் தெரியாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள். போடாத முறையிலும் நம் தோள் துள்ளுவது தெரியும். எனக்குத் தெரிந்தது.

மாலையில் கழுவும்போது

கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவைத் தொடங்கிவிடும். அன்றே கழுவ வேண்டும். வெந்நீரும் ஒரு சொட்டு சோப்பும் போதும். அழுகிய முட்டை வாடை வரும், அது கந்தகத்தின் வேலை. துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, நன்றாகக் காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு. பிறகு துப்பாக்கியை வாய் கீழாகச் சாய்த்து வையுங்கள். மேலாக நிறுத்தினால் எண்ணெய் இரவெல்லாம் வழிந்து, அந்தக் குறுகிய அறைக்குள் போய்க் குளம் கட்டும். அடுத்த சனிக்கிழமை மருந்து போடுமுன் காய்ந்த துணியால் அடிவரை துடைத்து, கேப்பை மட்டும் மாட்டி, ஒரு காய்ந்த இலையைத் தேடுங்கள்.